இதய வடிவ ஆரஞ்சு தக்காளி: மொட்டை மாடியில் வளருமா... ரீல்ஸில் மட்டும்தானா?

உள்ளங்கை நிறைய ஒரு பழம். மேலே அகலம், கீழே கூர். பார்த்தால் அப்படியே ஹார்ட் எமோஜி. நிறம் மட்டும் சிவப்பு இல்லை, பழுத்த மாம்பழத்தின் ஆரஞ்சு. கத்தியை வைத்தால் சாறு வழியாது. கெட்டியான சதை, எண்ணிவிடும் அளவுக்குத்தான் விதை. இன்ஸ்டாவில் தோட்டம் சம்பந்தமான ரீல்ஸ் பார்க்கிறவர்கள் இந்தத் தக்காளியை ஒருமுறையாவது கடந்திருப்பார்கள். பார்த்ததும் மனசுக்குள் வரும் கேள்வியும் ஒன்றுதான்: நம்ம ஊர் வெயிலுக்கு இது வருமா?

வரும். ஆனால் மார்ச் மாதம் ஆசைப்பட்டு விதை வாங்கிப் போட்டால் வராது. இந்தத் தக்காளியில் தோற்றுப்போகிறவர்களில் பலரும் உரத்தில் தோற்பதில்லை, காலண்டரில்தான் தோற்கிறார்கள். இன்னும் சிலர், செடி நன்றாக இருக்கும்போதே அது வாடிவிட்டது என்று பயந்து, தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொன்றுவிடுகிறார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

இது என்ன ரகம்?

இது ஒரே ரகம் இல்லை, ஒரு குடும்பம். ஆங்கிலத்தில் ‘ஆக்ஸ்ஹார்ட்’ என்கிறார்கள். இத்தாலியில் ‘குவோரே டி புவே’. இரண்டுக்கும் எருதின் இதயம் என்றுதான் பொருள். இதில் சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் எல்லாம் உண்டு. ஆரஞ்சு நிறத்தில் அதிகம் பேசப்படுபவை ‘ஆரஞ்சு ஸ்ட்ராபெரி’, ‘ஆரஞ்சு ஆக்ஸ்ஹார்ட்’, உள்ளே சிவப்புத் தீற்றல் ஓடும் ‘ஆரஞ்சு ரஷியன் 117’ ஆகியவை. ஸ்ட்ராபெரி என்று பெயர் இருப்பதால் குட்டிப் பழம் என்று நினைக்க வேண்டாம். வடிவத்துக்காக வைத்த பெயர் அது. பழம் கால் கிலோவைச் சுலபமாகத் தாண்டும்.

‘ஆரஞ்சு ஸ்ட்ராபெரி’ எப்படி வந்தது என்பதற்கு விதை வட்டாரத்தில் ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு வீட்டுத் தோட்டக்காரர் ‘பைனாப்பிள்’ என்ற வேறொரு தக்காளி விதை பாக்கெட்டை வாங்கி விதைத்திருக்கிறார். அதில் ஒரு செடி மட்டும் இப்படிக் காய்த்து நிற்க, அவர் அதைப் பிடுங்கி எறியாமல் விதை எடுத்து வைத்திருக்கிறார். பெரிய கம்பெனி, லேப் எதுவும் இல்லை.

தக்காளி என்றாலே சிவப்பு என்பது நம் பழக்கம்தான். தென் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ வழியாக ஐரோப்பா போன தக்காளியைப் பற்றி 1544-ல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி எழுதியபோதே, சிவப்பாகவும் பழுக்கும், பொன் நிறத்திலும் பழுக்கும் என்றுதான் எழுதினார். இத்தாலியர்கள் இன்றும் தக்காளியை ‘பொமொடோரோ’ என்கிறார்கள். தங்க ஆப்பிள் என்று அர்த்தம்.

ஏன் இதயம்? ஏன் ஆரஞ்சு?

வடிவத்துக்குப் பின்னால் மரபணுக்கள் இருக்கின்றன. பழத்தை நீளமாக இழுக்கும் மரபணு ஒன்று. அதற்கு ‘சன்’ என்று பெயர். பழத்துக்குள் அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டி அகலப்படுத்தும் மரபணுக்கள் வேறு. இந்த இரண்டு வகையும் ஒரே செடியில் சேரும்போது, மேலே அகன்று கீழே குவியும் பழம் கிடைக்கிறது. அதனால் பத்துப் பழத்தில் பத்தும் கச்சிதமான இதயமாக இருக்காது. ஒன்று கூம்பாக இருக்கும், இன்னொன்று கோணலாக இருக்கும். செடியில் முதலில் வரும் சில பூக்கள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்ட மாதிரி பெரிதாக இருக்கும். அவற்றிலிருந்து வரும் பழம் தழும்பும் மடிப்புமாகத்தான் இருக்கும். முதல் பழத்தைப் பார்த்து ஏமாந்தோம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

நிறம் இன்னும் சுவாரசியம். சிவப்புத் தக்காளிக்கு நிறம் தருவது லைக்கோபீன். ஆரஞ்சுத் தக்காளிகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒரு வகையில் லைக்கோபீன் மேலும் மாறி, கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினாக ஆகிவிடுகிறது. ‘டேஞ்சரின்’ எனப்படும் இன்னொரு வகையில் லைக்கோபீன் இருக்கிறது, ஆனால் அதன் மூலக்கூறு நேராக இல்லாமல் வளைந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. நம் கண்ணுக்கு அது ஆரஞ்சாகத் தெரிகிறது.

இந்த வளைவுக்கு ஒரு பலன் உண்டு. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டேஞ்சரின் தக்காளிச் சாற்றையும் சிவப்புத் தக்காளிச் சாற்றையும் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். டேஞ்சரின் சாற்றிலிருந்து உடம்பு எடுத்துக்கொண்ட லைக்கோபீன் சுமார் 8.5 மடங்கு அதிகம் என்று 2015-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ‘இதயத்துக்கு நல்லது, அதனால்தான் இதய வடிவம்’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் தாராளமாகக் கடந்து போகலாம்.

இன்னொரு நம்பிக்கை, ஆரஞ்சு தக்காளியில் புளிப்பு கம்மி என்பது. நாக்குக்கு அப்படித் தெரிவது உண்மை. பெரும்பாலும் இனிப்பு தூக்கலாக இருப்பதால் புளிப்பு அடங்கிப்போகிறது. அமிலமே இல்லை என்று நினைத்துக்கொண்டு, அசிடிட்டி இருக்கிறவர்கள் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட வேண்டியதில்லை.

ராத்திரிதான் முடிவு செய்யும்

தக்காளி பகல் வெயிலைத் தாங்கும். அதற்குத் தாங்காதது புழுக்கமான ராத்திரி. பூ காயாகப் பிடிக்க இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் உத்தமம். பகலில் 32 டிகிரியையும் இரவில் 24 டிகிரியையும் தாண்டிக்கொண்டே போனால் மகரந்தம் கெட்டுப்போகும். பூ காம்போடு மஞ்சளாகி உதிரும். நாட்டுத் தக்காளியும் நம் ஊருக்கென்று உருவாக்கிய ரகங்களும் ஓரளவு ஈடுகொடுக்கும். பெரிய பழம் காய்க்கும் ஆக்ஸ்ஹார்ட் வகைகள் இந்த விஷயத்தில் ரொம்பவே செல்லம்.

இப்போது சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் இரவிலும் 28 டிகிரி. அந்த மாதத்தில் பூத்தால் கதை முடிந்தது. ஜனவரியில் இரவு சுமார் 21 டிகிரிக்கு இறங்குகிறது. கோயம்புத்தூரில் அதைவிடக் குறைவு, பெங்களூருவில் 16 டிகிரி வாக்கில். ஆக, செடி பூக்கும் நாட்கள் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விழுகிற மாதிரி பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

நாற்றுக்கு ஐந்து வாரம். நட்டதிலிருந்து பூக்க ஐந்தாறு வாரம். நட்ட நாளிலிருந்து முதல் பழம் பழுக்க 80 முதல் 90 நாள். அப்படியானால் சென்னைவாசிகள் அக்டோபர் இரண்டாவது வாரம் விதைக்க வேண்டும்; நவம்பர் நடுவில் பெரிய பைக்கு மாற்ற வேண்டும். பிப்ரவரி நடுவில் பழம். நடுவில் வடகிழக்குப் பருவமழை வரும் என்பதுதான் சிக்கல். நாற்று குழித்தட்டில் இருக்கும் வரை பால்கனி ஓரமோ, சன்ஷேடுக்குக் கீழேயோ போதும். வெளியே எடுத்து வைத்துவிட்டு ஆபீஸ் போன நாளில் புயல் மழை வந்தால், சாயங்காலம் தட்டு மட்டும்தான் மிஞ்சும். கோவை, ஓசூர், பெங்களூரு பக்கம் செப்டம்பரிலேயே தொடங்கலாம். ஊட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அங்கே டிசம்பர், ஜனவரி குளிரில் பனி விழுந்து செடி கருகும்.

சித்தப்பா பையன் கொண்டுவரும் பாக்கெட்

விதை எங்கே கிடைக்கும்? இந்தியாவிலேயே மரபு ரக விதைகளைச் சின்ன அளவில் விற்கிறவர்கள் ஆன்லைனில் இருக்கிறார்கள். கூடவே நீல ஸ்ட்ராபெரி, ரெயின்போ தக்காளி படங்களைப் போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பாக்கெட்டில் ரகத்தின் பெயர், ‘ஓப்பன் பாலினேட்டட்’ வகையா அல்லது எஃப்1 ஹைப்ரிடா என்ற விவரம், பேக்கிங் தேதி... இவை இல்லாமல் வெறும் ‘ஹார்ட் டொமேட்டோ’ என்று இருந்தால் விட்டுவிடலாம். 50 ரூபாய் போவது பெரிய நஷ்டமில்லை. நான்கு மாதம் வளர்த்து பிப்ரவரியில் உருண்டையாக ஒரு சாதாரண தக்காளி காய்த்தால், போவது அந்த வருஷத்தின் சீசன். அடுத்த வாய்ப்புக்கு மறுபடியும் அக்டோபர் வர வேண்டும்.

‘அமெரிக்காவிலிருந்து சித்தப்பா பையன் வர்றான், ஒரு பாக்கெட் எடுத்துட்டு வரச் சொன்னா போச்சு’ என்று தோன்றலாம். இங்கேதான் உண்மையான வில்லங்கம். இந்தியாவின் 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, விதைப்பதற்காகக் கொண்டுவரும் விதைக்கு இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டு அரசு தந்த தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் சின்ன பாக்கெட்தானே என்ற சமாதானம் செல்லாது.

இது வெறும் பேப்பர் கெடுபிடி இல்லை. தக்காளியில் ‘பிரவுன் ருகோஸ்’ என்று ஒரு வைரஸ் இருக்கிறது. 2014-ல் இஸ்ரேலில் தலைகாட்டி, சில ஆண்டுகளில் பல கண்டங்களுக்குப் பரவிவிட்டது. விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். தொட்ட கை, கத்தரிக்கோல் வழியாகப் பரவும். வந்த செடிக்கு மருந்து கிடையாது. 2020-ல் யார் அனுப்பினார்கள் என்றே தெரியாத மர்ம விதைப் பார்சல்கள் பல நாடுகளில் வீடுகளுக்கு வந்தபோது, இந்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விடுத்தது இந்த மாதிரி பயத்தால்தான். மாடியில் இரண்டு தொட்டிக்கு ஆசைப்பட்டுக் கொண்டுவரும் பாக்கெட், தக்காளியை நம்பியிருக்கும் ஒரு விவசாயியின் வயல் வரை போய்ச் சேரலாம். உள்ளூர் விதை கிடைக்கும்போது அந்த ரிஸ்க் தேவையா?

‘ஐயோ, வாடிப்போச்சே!’

விதை முளைக்க ஒரு வாரம் ஆகும். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, கால் அங்குல ஆழத்தில் போட்டால் போதும். இரண்டு ஜோடி நிஜ இலை வந்ததும்தான் பதற்றம் ஆரம்பிக்கும்.

பெரும்பாலான இதய வடிவத் தக்காளிகளுக்கு இலையே ஒரு மாதிரி. மற்ற தக்காளிச் செடி மாதிரி விறைத்து நிற்காது. மெல்லியதாக, இழை இழையாக, கீழே தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்கிற யாருக்கும் ‘இதுக்குத் தண்ணி ஊத்தி நாலு நாள் ஆச்சா?’ என்றுதான் கேட்கத் தோன்றும். வீட்டில் அம்மா காலையில் ஒரு குவளை ஊற்றுவார், அப்பா சாயங்காலம் ஒரு குவளை ஊற்றுவார், ஆபீஸிலிருந்து வந்தவர் மனசு கேட்காமல் இன்னொன்று. ஒரு வாரத்தில் வேர் அழுகிவிடும். அப்போது செடி நிஜமாகவே வாடும். அதற்கும் தண்ணீர் ஊற்றுவார்கள்.

இந்தத் தொங்கல் இலை நோய் இல்லை, அடையாளம். சொல்லப்போனால் நாற்றிலேயே இப்படி இருந்தால், வாங்கிய விதை சரியானது என்பதற்கு அது முதல் நல்ல அறிகுறி. சந்தேகம் வந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் குவளையைக் கீழே வைத்துவிடலாம். அல்லது விடியற்காலையில் பாருங்கள்: தாகத்தால் மதியம் வாடும் செடி, ஈரம் இருந்தால் இரவில் தேறிவிடும். காலையிலும் தண்டின் நுனியோடு சேர்ந்து தலை சாய்ந்து கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். பாக்டீரியா வாடல் நோயா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி படுகிற மாதிரி பிடித்தால், சில நிமிடத்தில் பால் மாதிரி இழை இறங்கும். இறங்கினால் அந்தச் செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

பையும் பந்தலும்

இது கொடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும் வகை, ஆறடி சாதாரணம். 12 அங்குலப் பை போதாது, 18 அங்குலம் வேண்டும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு, கூட இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தண்டை முதல் ஜோடி இலை வரை மண்ணுக்குள் புதைத்து நட்டால், புதைந்த இடத்திலெல்லாம் வேர் விடும். ஒரு பைக்கு ஒரு செடி. இரண்டாவதை வைக்க ஆசை வரும், வேண்டாம்.

கம்பு நடுவதை நட்ட அன்றே செய்துவிடுவது நல்லது. பிறகு குத்தினால் வேர் அறுபடும். கால் கிலோ பழம் தொங்கும்போது சணல் கயிறு ஒன்றை மட்டும் நம்ப முடியாது. பழைய பருத்தித் துணியைக் கிழித்து எட்டு வடிவில் கட்டினால் தண்டு நசுங்காது. இலைக்கும் தண்டுக்கும் நடுவே கிளம்பும் பக்கக் கிளைகளை விரல் நீளத்துக்கு முன்பே கிள்ளி, இரண்டு முக்கியத் தண்டுகளை மட்டும் விடலாம். இலையை மட்டும் மொட்டையடிக்க வேண்டாம். ஏற்கெனவே இந்தச் செடிக்கு இலை அடர்த்தி குறைவு. பிப்ரவரி கடைசி வெயிலில் பழத்தின் தோள் வெந்து வெளுத்துவிடும்.

பூ வந்தபிறகு ஒரு சின்ன வேலை. தக்காளிப் பூவில் மகரந்தம் ஒரு குழாய்க்குள் இருக்கிறது, அதிர்ந்தால்தான் கொட்டும். நீலப் பட்டைத் தேனீயும் தச்சன் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்தே அதைக் கொட்டவைக்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஐந்தாவது மாடி அபார்ட்மென்ட்டில் இவர்கள் யாரும் வராவிட்டால், காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பில் எலெக்ட்ரிக் டூத் பிரஷ்ஷின் பின்புறத்தை ஓடவிட்டு இரண்டு நொடி வைத்தால் போதும். அதுவும் இல்லையென்றால் விரலால் சுண்டினாலே ஆகும்.

பெரிய எதிரி வெள்ளை ஈ. அது கொண்டுவரும் இலைச்சுருள் வைரஸ் வந்துவிட்டால் இலை கிண்ணம் மாதிரி சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிடும். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா ரக்‌ஷக்’ மாதிரி ரகங்களில் இதற்கு எதிர்ப்பு இருக்கிறது. வெளிநாட்டு மரபு ரகங்களுக்கு அந்தக் கவசம் கிடையாது. நாற்றுப் பருவத்தில் நைலான் வலைக்குள் வைப்பது, மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுவது, வாரம் ஒருமுறை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலோடு சேர்த்து இலையின் அடிப்பக்கம் தெளிப்பது... இவ்வளவுதான் செய்ய முடியும். சுருண்ட செடியைக் காப்பாற்றப் பார்க்காமல் எடுத்துவிடுவதுதான் பக்கத்துச் செடிகளுக்கு நல்லது.

காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் அது பூச்சியோ கிருமியோ இல்லை. கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததன் விளைவு. காரணம் பெரும்பாலும் ஒருநாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்கிற தண்ணீர்ப் பழக்கம். உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். அது மக்கிக் கரைய மாதக்கணக்கில் ஆகும். இந்தச் சீசன் காய்க்கு உதவாது. காய்ந்த இலையால் மூடாக்குப் போட்டு, தினம் ஒரே அளவு தண்ணீர் விடுவது உதவும்.

பழுத்துவிட்டதா?

சிவப்பு வரும் என்று காத்திருக்கக் கூடாது, வராது. பச்சை வெளுத்து, மஞ்சளாகி, ஆரஞ்சு அழுத்தமாகும்போது கூர்ப் பக்கத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். லேசாக விட்டுக்கொடுத்தால் பறிக்கலாம். தோள் பக்கம் கொஞ்சம் பச்சை இருந்தாலும் பரவாயில்லை. அணில், கிளி தொல்லை இருக்கிற மாடியில், பாதி நிறம் வந்ததுமே பறித்து வீட்டுக்குள் வைத்தாலும் பழுக்கும்.

இங்கே ஒரு குழப்பம். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் சிவப்புத் தக்காளியிலும் லைக்கோபீன் சரியாக உருவாகாது; ஏப்ரலில் பழுக்கும் சாதாரணத் தக்காளி ஆரஞ்சாக நிற்பது அதனால்தான். கோடையில் எடுத்த போட்டோவை மட்டும் காட்டி ‘ஆரஞ்சு ரகம்’ என்று யாராவது விதை விற்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சமையலுக்கு எப்படி? ரசத்துக்கு ஆகாது. புளிப்பும் சாறும் வேண்டிய இடத்தில் இது மொந்தையாக நிற்கும். அதற்கு நாட்டுத் தக்காளியை அடிக்க முடியாது, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 போதும். அதுவும் தேனி பக்கத்து அன்னஞ்சி ரகத்திலிருந்து வந்ததுதான். ஆரஞ்சு தக்காளியைப் பச்சையாக, தடிமனான வில்லையாக நறுக்கி, உப்பும் மிளகுத்தூளும் தூவிச் சாப்பிட வேண்டும். சாண்ட்விச்சில் வைத்தால் பிரெட் ஊறிப்போகாது. தொக்கு செய்தால் சீக்கிரம் சுண்டிவிடும், நிறம்தான் பார்க்கிறவர்களைக் குழப்பும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம், வாசனை போய்விடும்.

காசுக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது என்பதையும் சொல்லிவிடுவோம். பை, மண், உரம், கம்பு எல்லாம் சேர்த்து முதல் வருஷம் ஆகும் செலவுக்குக் கோயம்பேட்டில் கிலோ கிலோவாக வாங்கலாம். ஒரு செடியில் பத்துப் பதினைந்து பழம் கிடைத்தாலே நம் தட்பவெப்பத்துக்கு நல்ல அறுவடை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வருஷத்துக்கு விதை வாங்க வேண்டியதில்லை. செடியிலேயே நன்றாகப் பழுத்த, வடிவம் சரியான பழத்திலிருந்து விதைக்கூழை டம்ளரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால், விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கழன்றுவிடும். அலசி, பீங்கான் தட்டில் நிழலில் காயவைத்து, ரகத்தின் பெயரும் தேதியும் எழுதிய காகித உறையில் போடலாம். இந்தப் பழத்தில் விதை குறைவு என்பதால் இரண்டு பழமாவது ஒதுக்க வேண்டும். எஃப்1 ஹைப்ரிடாக இருந்தால் மட்டும் இந்த வேலை வீண். அடுத்த தலைமுறை ஆளுக்கொரு மாதிரி வரும்.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தையே எடுத்துக்கொள்ளும். ஆனாலும் பக்கத்துத் தொட்டியில் நாட்டுத் தக்காளி இருந்தால், அந்தத் தச்சன் தேனீ எப்போதாவது வேலையைக் காட்டிவிடும். டேஞ்சரின் நிறம் மரபியலில் அடங்கிப்போகிற குணம். சிவப்போடு கலந்தால் முதல் தலைமுறையில் சிவப்புதான் ஜெயிக்கும். பூக்கும் முன்பே பூங்கொத்துக்கு மெல்லிய வலைப்பை ஒன்றைக் கட்டி, காய் பிடித்ததும் கழற்றி, அந்தக் காம்பில் ஒரு நூலைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் இந்தக் கலப்பைத் தவிர்க்கலாம். கட்ட மறந்துபோய், அடுத்த பிப்ரவரியில் மொட்டை மாடியில் பழம் சிவப்பாகப் பழுத்து நின்றால் விதைக்காரரைத் திட்ட வேண்டாம். பக்கத்துத் தொட்டியில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.